டோபமைன் மேல் விழுந்த பழி

போதைப்பொருள் மூளையின் டோபமைன் நரம்பணுக்களைத் தட்டி எழுப்புகிறது, டோபமைன் சுரக்கிறது, இன்பம் பிறக்கிறது. விழிப்புணர்வுக் கூட்டம் முதல் யூடியூப் வரை இதே பாட்டுத்தான். இதில் நடுத் துண்டு மட்டும் ஓரளவு தேறும்.

கொக்கெய்னையே எடுத்துக்கொள்வோம். மயக்கத்தில் கிடக்கும் எலியின் நடுமூளையில் நுண்ணிய மின்முனையை இறக்கி ஒலிபெருக்கியோடு இணைத்தால், ஒரு டோபமைன் நரம்பணு நொடிக்கு நாலைந்து முறை 'டிக், டிக்' என்று துடிப்பது காதில் விழும். ரத்தத்தில் கொக்கெய்னை ஏற்றியதும் துடிப்பு எகிறும் என்றுதானே நினைப்போம்? குறைகிறது. வெளியேறிய டோபமைனை அணுவுக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தைக் கொக்கெய்ன் முடக்கிவிடுவதால் வெளியே டோபமைன் தேங்குகிறது. அந்த அணுவின் மேலேயே இருக்கும் டி2 ஏற்பி தேக்கத்தை உணர்ந்து துடிப்பை அடக்குகிறது. ஆம்ஃபெட்டமின் எடுத்தாலும் இதே கதை: அணு ஓய்கிறது, டோபமைன் மட்டும் வெளியே கொட்டுகிறது.

மார்ஃபினும் ஹெராயினும் முக்கியமாகத் தொடுவது பக்கத்து அணுக்களை. டோபமைன் அணுக்களுக்குக் கடிவாளம் போட்டிருக்கும் காபா அணுக்களை அவை அடக்க, கடிவாளம் தளர்கிறது. 'தட்டி எழுப்புகிறது' என்பது நிகோட்டினுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

"எப்படியோ டோபமைன் கூடுகிறதல்லவா?" என்பார்கள். கூடுகிறது. ஆய்வாளர்கள் டி கியாராவும் இம்பெராட்டோவும் 1988-லேயே எலிகளில் அளந்து காட்டிவிட்டார்கள். ஆனால் அதற்கு இன்பம் என்று யார் பெயர் வைத்தது? மூளையின் டோபமைன் அநேகமாக முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார் அமெரிக்க ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ். வழக்கம்போல் சப்புக்கொட்டின. ஆனால் எதிரே தீனி இருந்தும் அதை எடுத்துத் தின்ன அவை நகரவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்திருக்கும். ருசி போகவில்லை, வேட்கை போயிற்று. செல்போனை அணைத்துவிட்டு 'டோபமைன் விரதம்' இருப்பவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ!

மனிதர்களிடமும் சாட்சி உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்படும் பிரமிபெக்ஸோல், டோபமைன் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களில் சிலர், அதுவரை சீட்டையே தொடாதவர்கள், சூதாட்டத்தில் விழுகிறார்கள். சிலருக்குக் கடை கடையாக ஏறி வாங்கிக் குவிக்கும் வெறி. தோற்றுக்கொண்டே இருந்தாலும் விட முடிவதில்லை. வெட்கத்தால் டாக்டரிடம் அவர்களாகச் சொல்வதுமில்லை. வீட்டாரைத் தனியே கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.