ஆகாயத்தில் குறையும், தரையில் கூடும்!

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடக்காரர் ஒருவர், ஆர்டர் விஷயமாகப் பெங்களூர் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனம்பாக்கத்துக்கும் பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 270 கிலோ மீட்டர்தான். விமானம் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிட்டுவிடும். ஆனால் மனிதர் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்?

ஊருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸோ டாக்சியோ பிடித்து 50 கிலோ மீட்டர் போக வேண்டும். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். அங்கே போய் இறங்கினாலும் பெங்களூர் ஊருக்குள் நுழைய இன்னும் 35 கிலோ மீட்டர். ஆக, ஒரு மணிப் பயணத்துக்கு ஆறு மணி நேரம் காலி!

இனி பரந்தூர் வரப்போகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2025-ல் மத்திய சர்க்கார் கொள்கையளவில் ஒப்புதலும் கொடுத்துவிட்டது.

பரந்தூர், மீனம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கிறது. எனவே பெங்களூருக்கு ஆகாய தூரம் 40 கிலோ மீட்டருக்கு மேல் குறையும். விமானத்துக்கு அது நாலைந்து நிமிஷச் சமாசாரம். மாமல்லபுரத்துக்காரரோ செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என்று சுற்றிக்கொண்டு, மீனம்பாக்கத்தைவிடத் தொலைவு போக வேண்டும். மிச்சம் ஆகாயத்துக்கு; செலவு ஜனங்களுக்கு!

வயலை இழக்க மாட்டோம் என்று 2022-லேயே போராட்டத்தில் இறங்கியவர்கள் ஏகனாபுரம் மக்கள். அவர்களுக்கு நியாயம் கிடைப்பது முதல் காரியம். அடுத்த காரியம், பாதை.

தேவனஹள்ளி நிலையம் திறந்தது 2008-ல். 15 வருஷம் கழிந்தும் மெட்ரோ ரயில் அங்கே எட்டவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பந்தியில் இலை போட்டுவிட்டு அடுப்பு மூட்டின கதை!

பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது சென்னைக்காரர்களுக்கு. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்து ஜனங்களுக்கு என்ன வழி?

செங்கல்பட்டு - காஞ்சிபுரம் ரயில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. அதில் அடிக்கடி வண்டி விடட்டும். காஞ்சிபுரத்திலிருந்து விமான நிலையத்துக்கு இணைப்பு பஸ், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு ரயில் நேரத்தை ஒட்டிய பஸ் - இவற்றை முதல் விமானம் கிளம்புவதற்கு முன்பே தயார் செய்யட்டும்.

2019-ல் சீன அதிபர் வந்தபோது மாமல்லபுரம் சாலை பளபளத்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் வந்தபோதும் அப்படியே. விருந்தாளிக்குச் செய்தது தப்பில்லை. வரி கட்டுகிறவனுக்கும் கொஞ்சம் செய்யலாமே!

விமானம் ஏறின பிறகு தூரம் ஒரு பிரச்னையே இல்லை. ஏறுகிற இடம் வரைக்கும்தான் பிரச்னை. அதிகாரிகள் தரையைப் பார்க்கட்டும்!