ஒரே வரியில் எழுதிட்டா வேகமாயிடுமா?

ஜாவா லேப்ல நாம எல்லாரும் ஒரு தடவையாவது இதுல விழுந்திருப்போம். 5 எண்கள் இருக்குற இன்ட் அரேயை 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்'கிட்ட கொடுத்தா, வர்ற லிஸ்ட்டோட சைஸ் 1! மொத்த அரேயும் ஒரே உறுப்பா உள்ள உட்கார்ந்திருக்கும். 2004-ல் ஜாவா 5 கொண்டு வந்த ஜெனரிக்ஸுக்குள்ள ஆப்ஜெக்ட் மட்டும்தான் போகும், இன்ட் போகாது. அதான் காரணம்.

2014-ல் ஜாவா 8 வந்துச்சு. ஸ்ட்ரீம், பாக்ஸ்ட், கலெக்ட்னு ஒரே வரியில வேலை முடிஞ்சுது. "எஃபிஷியன்ட்"னு பெருமை வேற! குறைஞ்சது டைப் அடிக்கிற வேலைதாங்க, மெஷினோட வேலை இல்ல. 10 லட்சம் எண்கள் அரேயில 4 எம்பி. லிஸ்ட்டா மாத்தினா, வழக்கமான 64 பிட் ஜாவாவுல எண்ணுக்கு 16 பைட் ஆப்ஜெக்ட், அதைக் காட்ட 4 பைட் ரெஃபரன்ஸ். ஆக 20 எம்பி! -128 முதல் 127 வரைக்கும் மட்டும் புது ஆப்ஜெக்ட் கிடையாது. ஃபார் லூப்ல மாத்தினாலும் இதே செலவுதான்.

எப்படி வேகமா மாத்துறதுன்னு கேக்காதீங்க, எதுக்கு மாத்தணும்னு கேளுங்க. கூட்ட, தேட, வரிசைப்படுத்த அரேயே போதும். லிஸ்ட்தான் வேணும்னு ஏதாவது மெத்தட் அடம்பிடிச்சா, 'அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்'டை எக்ஸ்டெண்ட் பண்ணி கெட், சைஸ் ரெண்டை மட்டும் எழுதுங்க. காப்பியே எடுக்க வேண்டாம், கேக்குற எண் மட்டும் அப்போதைக்கு ஆப்ஜெக்ட் ஆகும். வரி கூடத்தான் ஆகும், ஆகட்டுமே!