இருள் பள்ளத்தாக்கிலும் ஆயன்



நம் கத்தோலிக்க இல்லங்களில் திரு இருதய ஆண்டவர் படத்தோடு தவறாமல் இடம்பெறும் மற்றொரு படம் நல்ல ஆயன் படம். வெண்ணிற அங்கி, கையில் கோல், தோளில் ஒரு குட்டி, காலடியில் பசும்புல், பின்னணியில் தெளிந்த நீரோடை. நாட்காட்டியிலும், புதுநன்மை நினைவுப் படத்திலும், திருமண அழைப்பிதழிலும் அதைக் காண்கிறோம். வீட்டில் அமைதி நிலவும் நாட்களில் அப்படம் கண்ணுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் சாவு நுழைந்த நாளில், அதே படத்தை அண்ணாந்து பார்க்கும் கண்களுக்கு அது என்ன சொல்கிறது?

முதியவர் ஒருவர் நோயிற்பூசுதல் பெற்று, நற்கருணை உட்கொண்டு, மக்கள் சூழ்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கக் கண்மூடினால், நாம் அழுதாலும் நெஞ்சில் ஓர் ஆறுதல் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கோவில் வாசலை மிதிக்காத மகன், மதுவுக்கு அடிமையாகிப் போன மகன், ஒருநாள் இரவு நெடுஞ்சாலையில் அடிபட்டு இறந்தான் என்று செய்தி வந்தால்? அவ்வீட்டுத் தாயின் கேள்வியைக் கேட்காத பங்குக் குரு எவரும் இருக்க முடியாது. "சாமி, பாவசங்கீர்த்தனம் செய்யாமலே போய்விட்டானே! தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவர் என்று சொன்னீர்களே. என் பிள்ளையை மட்டும் ஏன் தேடாமல் விட்டுவிட்டார்?"

இக்கேள்வியைக் கேட்பது பாவமன்று. விசுவாசம் இல்லாதவள் இதைக் கேட்கமாட்டாள். ஆயன் ஒருவர் உண்டு என்று நம்புகிறவளே அவர் எங்கே என்று கேட்கிறாள். ஆகவே அவளோடு நாமும் மறைநூலைத் திறந்து பார்ப்போம்.

ஆயனைப் பற்றிய சங்கீதத்தை அறியாதவர் நம்மில் இல்லை. பழைய எண்ணிக்கைப்படி அது 22ஆம் சங்கீதம். இன்றைய பதிப்புகளில் 23. அதன் தொடக்கத்தில் தாவீது ஆண்டவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். அவர் என்னை மேய்க்கிறார், அவர் என்னை நீர்நிலைக்கு நடத்துகிறார் என்று படர்க்கையில் சொல்லிக்கொண்டே போகிறார். சாவின் நிழல் கவிந்த பள்ளத்தாக்கில் அடி வைத்தவுடனே அவர் மொழி மாறிவிடுகிறது. அதுவரை 'அவர்' என்றிருந்த ஆண்டவர் அந்த இருளில் 'நீர்' ஆகிவிடுகிறார். பசும்புல் தரையில் ஆண்டவரைப் பற்றிப் பேசியவர், இருளிலே ஆண்டவரோடு பேசுகிறார்.

எபிரேய மூலத்தில் இச்சங்கீதத்தின் சொற்களை எண்ணிப் பார்த்தால், தலைப்பு நீங்கலாக, 55 சொற்கள் உள்ளன. ஆண்டவர் தம்மோடு இருக்கிறார் என்று தாவீது அறிக்கையிடும் மூன்று சொற்களும் சரியாக நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னே 26 சொற்கள். பின்னே 26 சொற்கள். சங்கீதத்தின் நெஞ்சு பசும்புல்லில் இல்லை, நீரோடையில் இல்லை, பள்ளத்தாக்கில் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை வரைந்தவர் அந்தப் பள்ளத்தாக்கை வரையாமல் விட்டுவிட்டார். சங்கீதத்தை இயற்றியவர் விடவில்லை.

யூதேயா நாட்டில் அத்தகைய பள்ளத்தாக்குகள் உண்டு. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் மலைப்பகுதியில், இருபுறமும் செங்குத்தான பாறைகள் நெருங்கி நிற்க, பகலிலும் நிழல் படிந்த ஆழ்ந்த பிளவுகளைக் காணலாம். ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகவேண்டிய மந்தைக்கு இத்தகைய வழிகளைத் தவிர்ப்பது எளிதன்று. நல்ல ஆயன் தன் மந்தையைப் பள்ளத்தாக்கே இல்லாத வழியில் கொண்டுபோவதாக மறைநூல் எங்கும் வாக்களிக்கவில்லை. ஆடு தனியே போகாது என்பதே அது தரும் வாக்கு.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது புதிதன்று. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து கீதாரிகள் மந்தையோடு வருவதைப் பார்த்திருக்கிறோம். பகலெல்லாம் ஆட்டின் பின்னே நடந்தவர்கள், இரவானதும் வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. ஆடுகள் எந்த வயலில் அடைந்திருக்கின்றனவோ அந்த வயலிலேயே, அதே பனியில், கிடையோரம் படுக்கிறார்கள். நாய் குரைத்தால் எழுகிறார்கள். ஆட்டின் இரவு எதுவோ அதுவே கீதாரிக்கும் இரவு. கூலிக்கு மேய்ப்பவனையும் நல்ல ஆயனையும் வேறுபடுத்தி ஆண்டவர் சொன்னது இதைத்தான். ஓநாய் வரும்போது கூலியாள் ஓடிவிடுகிறான். ஆயனோ ஆடுகளுக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறான் (அருளப்பர் 10: 11-13).

'உயிரைக் கொடுக்கிறான்' என்பதில்தான் அத்தாயின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. உலகத்து ஆயன் எவனாயினும் அவன் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. உயிரோடிருக்கும் ஆட்டை அவன் தேடலாம். செத்துப்போன ஆட்டைத் தேடி அவன் எங்கே போவான்? தாயும் தந்தையும் அப்படியே. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக் கட்டில்வரை போகிறோம். அதற்கு அப்பால் நம் கை எட்டுவதில்லை. ஆனால் நம் ஆயன் தாமே இறந்தவர். அந்த வழியை நடந்தவர். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அவர் பாதாளத்தில் இறங்கியதை அறிக்கையிடுகிறோமே, அதன் பொருளை நின்று நினைத்ததுண்டா?

பெரிய சனிக்கிழமையன்று குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையில், ஆசிரியர் பெயர் தெரியாத மிகப் பழைய மறையுரை ஒன்று வாசிக்கப்படுகிறது. சிலுவையில் மரித்த இயேசு இறந்தோரிடையே இறங்கிச் சென்று, காணாமற்போன ஆட்டைத் தேடுவதுபோல் ஆதிப்பெற்றோரைத் தேடுகிறார் என்றும், ஆதாமின் கையைப் பற்றி எழுப்புகிறார் என்றும் அது விவரிக்கிறது. ஆண்டவருக்கு முதன்முதல் கீழ்ப்படியாமற் போனவன் ஆதாம். அவரைக் கண்டு ஒளிந்துகொண்டவனும் அவனே. மந்தையிலிருந்து முதலில் விலகிய அந்த ஆட்டையும் தேடிக்கொண்டு ஆயன் சாவுக்குள் போகிறார் எனில், அவர் தேட மறுக்கும் இடம் எது?

மேலும், அருளப்பர் தம் நற்செய்தியை எழுதியிருக்கும் வரிசையைக் கவனியுங்கள். பத்தாம் அதிகாரத்தில், ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான், அவை அவன் குரலை அறிகின்றன என்று ஆண்டவர் போதிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் அவர் ஒரு கல்லறை வாயிலில் நிற்கிறார். முதலில் கண்ணீர் விடுகிறார். பிறகு இறந்து நான்கு நாளான ஒருவனை, "லாசரே" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கல்லறைக்குள்ளும் அந்தக் குரல் கேட்கிறது. உயிர்த்த ஞாயிறன்று விடியற்காலையில் அழுதுகொண்டு நின்ற மதலேன் மரியாள், முகத்தைப் பார்த்தபோது அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். தன் பெயரைக் கேட்டபோதுதான் அறிந்துகொண்டாள். ஞானஸ்நானத்தில் நாம் நம் பிள்ளைக்கு இட்ட பெயரை, ஊரார் மறக்கலாம்; கல்லறைக் கல்லில் அது மழையில் அழியலாம்; ஆயன் மறப்பதில்லை.

ஆதிக் கிறிஸ்தவர்கள் இதை நன்றாய் உணர்ந்திருந்தார்கள். உரோமை நகரின் சலாரியா சாலையோரம் பிரிசில்லா என்னும் நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. அங்கே மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அறை ஒன்றில், முக்காடிட்ட ஒரு பெண் கைகளை விரித்துச் செபிக்கும் ஓவியம் இருக்கிறது. அவளருகே குழந்தையை மார்போடு அணைத்த தாயின் உருவம். அவற்றுக்கு மேலே கூரையின் நடுவில் நல்ல ஆயன் நிற்கிறார். 250, 257 ஆகிய ஆண்டுகளில் கொடிய வேதகலாபனைகள் எழுந்த நூற்றாண்டு அது. தங்கள் இறந்தோரைக் கிடத்திய இருட்டறையில், விளக்கொளியில் அண்ணாந்து பார்த்தால் தெரியவேண்டியவர் ஆயனே என்று அவர்கள் எண்ணினார்கள்.

அந்த ஓவியத்தில் இன்னொன்றும் உண்டு. ஆயனின் தோளில் கிடப்பது செம்மறியாடு அன்று, வெள்ளாடு. கடைசித் தீர்வையைப் பற்றிய உவமையில் செம்மறிகள் வலப்புறத்திலும் வெள்ளாடுகள் இடப்புறத்திலும் நிறுத்தப்படுவதை நாம் அறிவோம். பெரும்பாவம் செய்தவருக்கு மீண்டும் மன்னிப்பு உண்டா என்று திருச்சபைக்குள்ளேயே கடுமையாக வாதிட்ட காலம் அது. ஓவியர் என்ன எண்ணி வரைந்தாரோ, துயருற்ற பெற்றோர் கண்டு தேறத்தக்க ஓவியம் அது. இடப்புறம் நிற்கவேண்டியதாக நாம் நினைக்கும் ஆட்டையும் தோள்மேல் தூக்கிக்கொள்ளும் ஆயன் அவர்.

பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் வாழ்க்கை வரலாற்றிலும் இத்தகைய ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பாலத்திலிருந்து நீரில் குதித்து உயிர்நீத்த ஒருவரின் மனைவி, கணவரின் ஆன்மா அழிந்தது என்று மனமுடைந்து ஆர்ஸ் ஊருக்கு வந்தபோது, பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே மனஸ்தாபப்பட அவருக்கு நேரம் இருந்தது என்று கூறி அவளைத் தேற்றினாராம் அப்புனிதர். நம் கடிகாரத்துக்கு அது ஒரு நொடி. ஆயனுக்கு அது போதுமான நேரம்.

அப்படியானால் எப்படி வாழ்ந்தாலும் சரிதானா என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஆயன் நீட்டும் கையைத் தட்டிவிடும் சுதந்திரம் நமக்கு உண்டு. பாவமும் நரகமும் விளையாட்டுச் சொற்கள் அல்ல. உயிரோடிருக்கும் நாம் இன்றே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகவேண்டும். நாளைக்கு என்று தள்ளிப்போடுவது ஆயனின் பொறுமையைச் சோதிப்பதாகும். ஆனால் இறந்தவரைப் பற்றிய பேச்சு வேறு. திருச்சபை எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. எவரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருப்பதாக அறிவித்ததே இல்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் அவள் இறந்தோருக்காக மன்றாடுகிறாள். நம்பிக்கை இல்லாத இடத்தில் யாராவது மன்றாடுவார்களா? ஆகவே, அம்மா, உன் மகனுக்காகப் பூசை ஒப்புக்கொடு, செபமாலை சொல், அவன் பெயரால் ஏழைக்குச் சோறிடு. அவன் எங்கே என்பதை உனக்கு அளந்து சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. யார் அவனைத் தேடிப் போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லமுடியும்.

இனி, மற்ற குடும்பத்தாருக்கு ஒரு சொல். உயிர்த்த ஆண்டவர் இராயப்பரிடம் தம் ஆடுகளைப் பேணும்படி மும்முறை கேட்டார். அது குருக்களுக்கு மட்டும் உரிய கடமையன்று. ஒவ்வொரு கிறிஸ்தவனும் தன் அயலானுக்கு ஓரளவு ஆயனே. துயர வீட்டுக்குப் போகிறவர்கள் சிலர், இறந்தவன் எப்படி வாழ்ந்தான் என்று அங்கேயே கணக்குப் பார்க்கிறார்கள். வேறு சிலர், எல்லாம் இறைவன் சித்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். ஆயனின் ஆறுதல் உடனிருப்பதில்தான் இருக்கிறது என்று கண்டோம். நீங்களும் உடனிருங்கள். அடக்கத்தன்று கூட்டம் கூடும். முப்பதாம் நாள் பூசைக்கும் உறவினர் வருவார்கள். அதற்குப் பிறகுதான் அவ்வீட்டில் உண்மையான இரவு தொடங்குகிறது. அப்போது போங்கள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருங்கள். இறந்தவனின் பெயரைச் சொல்ல அஞ்சாதீர்கள். தாய்க்கு அப்பெயரைக் கேட்பது ஆறுதல். கல்லறைத் திருநாளன்று அக்கல்லறையில் நீங்களும் ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், வீட்டிலுள்ள அனைவரும் நல்ல ஆயன் படத்தின் முன் சிறிது நேரம் நின்று, இறந்துபோன நம்மவரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவ்வாறு மன்றாடுவோமாக:

நல்ல ஆயனாகிய இயேசுவே, எங்கள் கை எட்டாத இடத்தில் இருக்கும் எங்கள் அன்பர்களை உம்முடைய தோளில் ஏந்திக்கொள்ளும். அழுகின்றவர்களுக்கு உம்முடைய குரலைக் கேட்கச் செய்யும். விலகியிருப்போரைத் தாமதமின்றித் திரும்பக் கொணரும். எங்கள் முறை வரும்போது, அந்தப் பள்ளத்தாக்கில் எங்களையும் பெயர் சொல்லி அழைத்தருளும். ஆமென்.