உழவர் திருநாளன்று யாருக்கு விடுமுறை?

"ஒரு ஏக்கர் சம்பா நெல்லும் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கும் வைத்திருக்கிறேன். 2025 பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் ஆறு நாள் அரசு விடுமுறை. அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டுக் காவல் காத்தேன். பிடுங்கிய கிழங்கை வாங்கிக்கொள்ள ஆலையில் ஆள் இல்லை. உழவர் திருநாள் என்று எங்கள் பேரில் லீவு விட்டுவிட்டு எங்களையே காக்க வைக்கிறார்களே! மற்ற நாடுகளிலும் இப்படித்தானா? இதற்கு வழி ஏதும் உண்டா?"
– சின்னசேலம் பகுதி வாசகர்

வாசகரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்த ஆறு நாள் எப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். 2025 ஜனவரி 14 செவ்வாய் பொங்கல், 15 திருவள்ளுவர் தினம், 16 உழவர் திருநாள். 17 வெள்ளியைக் கூடுதல் விடுமுறையாக அரசு அறிவித்து, அதற்கு ஈடாக 25ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கியது. பிறகு சனி, ஞாயிறு. ஊருக்குப் போய்த் திரும்புகிற அரசு ஊழியருக்கும் மாணவருக்கும் வசதியான ஏற்பாடுதான். ஆனால் சம்பா அறுவடை தொடங்குவதும் அதே வாரத்தில்தான். நெல்லின் ஈரத்துக்கு விடுமுறைப் பட்டியல் தெரியாது.

வெளிநாட்டுக் கேள்விக்கு வருவோம். உழவர் பெயரில் பொது விடுமுறை விடும் நாடுகள் சில உண்டு. அங்கே அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவில் 1982-83இல் கடும் வறட்சி. காட்டுத்தீயில் தோட்டங்களும் எரிந்தன. அடுத்த ஆண்டே விவசாயிகள் விளைச்சலை மீட்டுக் காட்டினார்கள். அதற்கு நன்றி சொல்லி 1985இல் தேசிய உழவர் தினம் தொடங்கப்பட்டது. ஆண்டுக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வரும் அந்த நாளில் நாட்டின் சிறந்த விவசாயிக்குப் பரிசு கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? இரண்டு வெட்டுக்கத்தி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு ரேடியோ. பின்னாளில் அது டிராக்டராகி, மூன்று படுக்கையறை கொண்ட வீடு என்ற அளவுக்கு வளர்ந்தது. விழாவை ஆண்டுக்கு ஓர் ஊரில் நடத்துகிறார்கள். அமைச்சரும் வேளாண் அதிகாரிகளும் அங்கே இருந்தாக வேண்டும்.

தான்சானியாவில் ஆகஸ்ட் 8. சுவாகிலி மொழியில் 'நானே நானே' என்றே அந்த விடுமுறைக்குப் பெயர். 'எட்டு எட்டு' என்று பொருள். எட்டாம் மாதத்தின் எட்டாம் நாள். அதற்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க ஊர் ஊராக வேளாண் கண்காட்சி நடக்கும். விதை, கருவி, கால்நடை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆராய்ச்சியாளர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஜாம்பியாவில் ஆகஸ்ட் முதல் திங்கள்கிழமை உழவர் தினம். தலைநகர் லுசாகாவில் அந்தச் சமயத்தில் பெரிய வேளாண் கண்காட்சி.

கம்போடியாவில் அரச ஏர் பூட்டும் நாள் பொது விடுமுறை. பருவமழைக்கு முன் மே மாதவாக்கில் வரும். புனித மாடுகளை உழவுக்குப் பின் அவிழ்த்துவிட்டு, முன்னால் நெல், சோளம், பயறு என்று தட்டுத் தட்டாக வைப்பார்கள். மாடு எதைத் தின்கிறதோ அந்தப் பயிர் அந்த ஆண்டு நன்றாக விளையும் என்பது நம்பிக்கை. நம் ஊர் நல்லேர் பூட்டுதலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். ஜப்பானில் நவம்பர் 23 பொது விடுமுறை. 1948இல் 'உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள்' என்று பெயர் மாறினாலும், அடியில் கிடப்பது பழைய புது நெல் படைக்கும் சடங்குதான். இலங்கையில் தைப்பொங்கல் நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. நமது நாட்டில் டிசம்பர் 23, சரண் சிங் பிறந்த நாள், தேசிய உழவர் தினம். அதற்கு விடுமுறை கிடையாது.

கல்வராயன் மலை வாசகர்களுக்கு இன்னொன்று. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் மலைநெல் விதைத்து வாழும் டயாக் பழங்குடிகள் அறுவடை முடிந்ததும் கொண்டாடும் 'காவாய்' பண்டிகை, 1965 முதல் ஜூன் 1ஆம் தேதி அரசு விடுமுறையோடு நடக்கிறது. சாமையும் தினையும் விதைத்த நம் மலைக் கிராமங்களில் விழா நாளை ஊர்ப் பெரியவர்கள் குறிக்கிறார்கள். அரசுப் பட்டியலில் அதற்கு இடமில்லை. இருக்க வேண்டுமா என்பதை மலை மக்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக, கானாவிலும் தான்சானியாவிலும் உழவர் தினம் என்றால் அதிகாரி விவசாயியைத் தேடி வருகிற நாள். இங்கே அது அதிகாரி ஊருக்குப் போகிற நாளாகிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு விடுமுறை விட்டது தவறே இல்லை. மாட்டுக்கு ஒரு நாள், உழவருக்கு ஒரு நாள் என்பது பெருமைதான். ஆனால் விவசாயி வீட்டில் காணும் பொங்கலன்றும் பால் கறந்தாக வேண்டும், தண்ணீர் கட்டியாக வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. நாற்று நடும் கூலியாளுக்கு வேலைக்குப் போகாத நாள் என்றால் கூலி இல்லாத நாள்.

இனி வழி உண்டா என்ற கேள்வி. விடுமுறைப் பட்டியலை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டுப் பட்டியலை அரசு முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறது. பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து விதைக்கிற நாம், அறுப்பதற்கு இந்தப் பட்டியலைப் பார்ப்பதில்லை.

மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னசேலம் பக்கமும் கல்வராயன் மலையிலும் விளையும் கிழங்கில் பெரும்பகுதி ஆத்தூர், சேலம் வட்டாரச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளிலேயே உள்ளே நீலக் கோடு ஓடிக் கெடத் தொடங்கும். ஆலையில் விலை குறைப்பார்கள். அதே கிழங்கை மண்ணுக்குள் விட்டுவைத்தால் சில வாரங்கள்கூடத் தாங்கும். எனவே பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு பிடுங்க ஆள் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பிடுங்கிவிடக் கூடாது. ஆலை என்றைக்கு நிறுத்துகிறது, தொழிலாளர் என்றைக்குத் திரும்புகிறார்கள் என்று தரகரிடம் இல்லாமல் ஆலையிலேயே கேட்டுவிட்டுக் கடப்பாரையை எடுப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் இந்த மலைக்கே உரியது. வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம். அதே மலையில் கருமந்துறை சேலம் மாவட்டம். உள்ளூர் விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். ஆடி மாதத்தில் சேலத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அன்று கள்ளக்குறிச்சியில் எல்லாம் திறந்திருக்கும். மலையிலிருந்து பஸ் ஏறி இறங்கிப் பூட்டிய அலுவலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் நஷ்டம். உள்ளூர் விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. அதனால் அன்று வங்கிகள் இயங்கும், கருவூலமும் குறைந்த ஆட்களோடு இயங்கும். பொங்கலுக்கு விட்ட கூடுதல் வெள்ளிக்கிழமை போன்றவையும் பெரும்பாலும் இதே வகைதான். வங்கிக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் விடுமுறை. மற்றச் சனிக்கிழமைகளில் வேலை உண்டு. ஏப்ரல் 1 ஆண்டுக் கணக்கு முடிப்பு, வாடிக்கையாளருக்குச் சேவை இல்லை.

நெல், மக்காச்சோளம், உளுந்து என்றால் விற்பனைக் கூடம் திறந்திருப்பது மட்டும் போதாது. ஏலம் கேட்க வியாபாரி வர வேண்டும், மூட்டை தூக்க ஆள் வர வேண்டும். விடுமுறைக்கு முந்தைய கடைசி ஏலத்தில் வரத்து குவிந்து விலை இறங்குவது பலரும் பார்த்ததுதான். அவசரப் பணம் தேவையில்லை என்றால் அந்த ஏலத்தைத் தவிர்க்கலாம். நன்றாகக் காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் இருப்பு வைத்து, பொருளீட்டுக் கடன் பெற்று, பண்டிகை முடிந்து வியாபாரிகள் திரும்பிய பின் விற்கலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் 17 சதவீத ஈரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. விடுமுறைக்குள் சிக்கிய ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாயை இறுக மூடுவதுதான் பலர் செய்கிற தப்பு. உள்ளே சூடேறி நிறம் மாறிவிடும். பகலில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட்டு, பனி இறங்கும் முன் மூடி, காலையில் திறந்துவிட வேண்டும்.

விற்ற பணம் விடுமுறையால் தாமதமாகிறது என்று சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் எல்லா நாளும் இரவும் பகலும் இயங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமையும் பணம் ஏறும். தாமதம் எங்கேயாவது பட்டியல் கையெழுத்தாகாமல் கிடப்பதால்தான் இருக்கும்.

புரோநோட்டில் கடன் வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, கெடு நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே கெடுவாகக் கொள்ளப்படும். அடுத்த நாள் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனிலும் கெடு விடுமுறைக்குள் விழுகிறதா என்று பார்த்து முன்கூட்டியே கட்டிவிட்டால், உரிய காலத்தில் கட்டியவருக்கான வட்டிச் சலுகை பற்றிப் பிறகு வாதாட வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பயிர்க் காப்பீடு. அறுத்து வயலில் காயப் போட்ட பயிர் பருவம் தப்பிய மழையில் நனைந்தால், அறுவடையிலிருந்து 14 நாள் வரை இழப்பீடு கேட்க பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. உங்கள் ஊருக்கும் பயிருக்கும் அந்தப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரீமியம் கட்டும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த 72 மணி நேரம் விடுமுறையைக் கழித்து எண்ணுவது அல்ல. 2025 பொங்கலன்று மாலை மழை பெய்து நெல் நனைந்திருந்தால், கெடு 17ஆம் தேதி மாலையோடு முடிந்திருக்கும். அலுவலகம் திறந்ததோ 20ஆம் தேதி திங்கட்கிழமை! இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் தமிழ்நாட்டில் எத்தனை ஏக்கர் நெல் சாய்ந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். எனவே அலுவலகம் திறக்கக் காத்திருக்காமல் 14447 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ உடனே பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். சர்வே எண்ணும் காப்பீட்டு விண்ணப்ப எண்ணும் கையில் இருக்கட்டும். வயலையும் நனைந்த கதிரையும் படம் எடுத்து வையுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத கிராமங்களில், கீழே இறங்குகிற யாரிடமாவது இந்த எண்களை எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

விடுமுறை விவசாயிக்குக் காசாகவும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், குஜராத்தில் நவராத்திரி, சிவராத்திரி, ஏகாதசி விரதங்களுக்கு ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு. அந்தப் பண்டிகைகளுக்கு முன்பு அங்கே ஜவ்வரிசிக்குத் தேவை கூடும். சின்னசேலத்துக் கிழங்கு விவசாயி தன் ஊர்ப் பண்டிகையோடு இந்தூர், நாக்பூர்ப் பண்டிகைகளையும் காலண்டரில் குறித்து வைப்பது வீண் வேலை ஆகாது. உழவர் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர்களுக்கு இது புதிதல்ல. பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாளைக் கணக்கிட்டுத்தான் அவரையும் பூசணியும் நடுகிறார்கள்.

கடைசியாக, பட்டியலை மாற்ற முடியாவிட்டாலும் ஏல நாளை மாற்றக் கேட்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் நான்கு நாள் அரசு விடுமுறை; மக்கள் வருவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு முன் வரும் கடைசிக் கூட்டம் நவம்பர் 1. உழவர் திருநாளுக்கு மறுநாள் ஏலமும் கொள்முதலும் நடக்க வேண்டும் என்று அன்றே தீர்மானம் போடலாம். அந்த வாரத்தில் அறுப்புக்கு வரும் ஏக்கர் எவ்வளவு, எத்தனை பேருடையது, எத்தனை மூட்டை என்ற கணக்கையும் தீர்மானத்தோடு சேர்த்து எழுத வேண்டும். ஒரு நகல் விற்பனைக் குழுச் செயலாளருக்கு, ஒரு நகல் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு. ஒப்புகை வாங்க மறக்க வேண்டாம்.