கொல்லையில் கோப்பி, கையில் பொட்டலம்

சென்ற மாதம் ஹட்டனுக்கு அருகே, தோட்டமொன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கோப்பி கொடுத்தார்கள். கடைப் பொட்டலத்தை வெந்நீரில் கரைத்த கோப்பி. வீட்டின் பின்புறமோ நான்கு கோப்பிச் செடிகள் பழுத்துச் சிவந்து நின்றன. "இந்தப் பழத்தையெல்லாம் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். "யாவாரி வருவாருங்கண்ணே, அள்ளிக் குடுத்திருவோம்" என்றார் நண்பரின் மனைவி.

அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

மலையகத் தமிழர் தேயிலைக்காக வந்தவர்கள் என்று எழுதுவோர் வரலாற்றைப் பாதியிலிருந்து தொடங்குகிறார்கள். 1820களில் கம்பளைப் பகுதியில் ஆங்கிலேயர் பெருந்தோட்டம் அமைத்தது கோப்பிக்காகவே. மன்னாரில் கரையிறங்கி, காடு கடந்து, மாத்தளைக்கு நடந்துவந்த நம் முன்னோர் கோப்பிப் பழம் பறிக்கவே அழைத்துவரப்பட்டனர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் ஏராளம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். எனினும் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை இம்மலைகளை மூடியது.

"கோப்பி காசுள்ளவர் பானம், நமக்குத் தேத்தண்ணீரே போதும்" என்போர் உண்டு. இதனை நான் ஏற்கமாட்டேன். பழத்தை மலிவாக விற்று, எப்போதோ வறுத்து அரைத்து மணம் இழந்த தூளைக் காசு கொடுத்து வாங்குவதுதான் ஆடம்பரம். செடி உள்ள வீட்டில் நல்ல கோப்பிக்கு ஆகும் செலவு உழைப்பும் சிறிது விறகும் மட்டுமே.

இதற்கு இயந்திரம் வேண்டியதில்லை. நன்கு சிவந்த பழங்களை மட்டும் பறித்துத் தோலை நீக்கி, ஓரிரவு ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவவேண்டும். இரண்டு வாரமளவு வெயிலில் காயவைத்து, உரலில் மெல்ல இடித்து, சுளகில் புடைத்தால் பச்சைக் கொட்டை கிடைக்கும். ஈரம் படாமல் வைத்தால் அது மாதக்கணக்கில் கெடாது. இரும்புத் தாச்சியில், கைவிடாமல் கிளறி, கால்மணி நேரம் வறுக்கவேண்டும். கொட்டைகள் படபடவென்று வெடித்து ஓய்ந்த சிறிது நேரத்தில் இறக்கி, விரைவாக ஆறவிடவேண்டும். கருகவிட்டால் கசப்பே மிஞ்சும். ஒரு நாள் பொறுத்து, வேண்டிய அளவு மட்டும் அரைத்தால் போதும். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தபின் ஏறத்தாழ 850 கிராம் ஆகும். கோப்பைக்குப் பத்துக் கிராம் என்றால் எண்பது கோப்பைக்கு மேல் வரும்.

கொழுந்து பறித்துக் களைத்து வருபவருக்கு இதற்கு நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வறுப்பது வாரத்திற்கு ஒருமுறை. அதை வீட்டிலுள்ள ஆண்களும் செய்யலாம்!

நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடுவதற்கே 2021 வரை போராடவேண்டியிருந்த சமூகம் இது. வீட்டுக் கோப்பி அந்தப் போராட்டத்திற்கு மாற்றாகாது என்பதை நான் அறிவேன். ஆயினும் கையிலுள்ளதை இழந்து, அதையே விலைக்கு வாங்குவதை எந்தத் தொழிற்சங்கமும் வந்து தடுக்கப்போவதில்லை. அதை நாமேதான் நிறுத்தவேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மலையகத்து உறவுகளைக் காண வரும்போது கோப்பித்தூள் போத்தல்களைச் சுமந்து வராதீர்கள். கையால் சுற்றி அரைக்கும் சிறு கருவியொன்றைக் கொண்டுவாருங்கள். கோப்பி இங்கே இருக்கிறது.