பெங்குயின் என்னய்யா பாவம் பண்ணுச்சு?

டிஸ்கி: இது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கான பதிவு இல்லை. எழுதுகிறவன் பி.காம்., பிழைப்பு வங்கியில். டெபிட், கிரெடிட் தெரியும். அதை வைத்தே இதையும் புரிந்துகொண்டேன்.

மாற்றலாகி திருவனந்தபுரம் வந்த நாளாக நம்ம ஜனங்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் வசனம்: "இந்த ஊர் ஸ்கூல்ல லினக்ஸ் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைங்களக் கெடுக்கிறாங்க சார்." கரமனைப் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு விசேஷத்தில் சேர்ந்தால், பந்தியில் அவியல் வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். ரொம்ப நாள் நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ஆட்டுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் மகள் ஒன்பதாவது. வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பின் திரை விரிசல் விட்டுவிட்டது. புதிது வாங்கும் யோகம் இந்த மாசம் இல்லை (வங்கிக்காரன் வீட்டில் பணம் கொட்டிக் கிடக்கும் என்று நினைப்பவர்கள் என் ஹோம் லோனைப் பார்க்கவும்). அதனால் ஒரு செகண்ட் ஹேண்ட் அகல மானிட்டரும் வி.ஜி.ஏ. கேபிளும் வாங்கி வந்து மாட்டினேன். படம் வந்தது. ஆனால் எல்லாம் குண்டு! அம்மன் சிலை அகன்று போய் பூசணிக்காய் மாதிரி. செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 1024க்கு 768, 800க்கு 600, அவ்வளவுதான். மானிட்டரின் சொந்த அளவான 1366க்கு 768 பட்டியலிலேயே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு அகலமாக இழுக்கப்பட்டு, ஓரமெல்லாம் மங்கல்.

இரண்டு வாரம் பாப்பா இதிலேயே படித்திருக்கிறாள். ஒருநாள் ராத்திரி வந்து, "அப்பா, எனக்குக் கண்ணுல கோளாறுன்னு நினைக்கிறேன். மலையாள எழுத்து சுத்தமா ஒட்டிக்கிட்டுத் தெரியுது, தலை வலிக்குது" என்றாள். ஏற்கெனவே மலையாளம் அவளுக்குத் தகராறு. வீட்டம்மா அன்றைக்கே கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வந்தார். திரையைப் பார்த்தார். சிரித்தார். "மாமா, லினக்ஸ்னா இப்படித்தான். ஐநூறு ரூபா குடுத்தா ஒருத்தன் விண்டோஸ் போட்டுத் தருவான்." போட்டுத் தருவானாம்! லைசென்ஸ் இல்லாமல், எவனோ பூட்டை உடைத்த காப்பி. அதே மெஷினில்தான் நான் நெட்பேங்கிங் பார்க்கிறேன். பணத்தைத் தொலைத்துவிட்டு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களை நான் பார்க்கிறவன். எனக்கு வந்ததே கோபம். "உங்க லேப்டாப்பை எடுங்க மாப்ள, அதே கேபிளை மாட்டுவோம்" என்றேன். ஆபீஸ் லேப்டாப், அசல் விண்டோஸ். மாட்டினோம். என்ன வந்து நின்றது தெரியுமா? அதே 1024க்கு 768. மானிட்டர் பெயருக்குப் பதில் 'பொதுவான மானிட்டர்' என்கிற மாதிரி ஏதோ ஒரு வரி. மாப்ள வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். மானிட்டருக்குள் ஈ.டி.ஐ.டி. என்று 128 பைட்டில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. யார் தயாரித்தது, எந்தெந்த அளவில் காட்ட முடியும் என்பதெல்லாம் அதில் உண்டு. நம்ம பாஷையில் சொன்னால் கே.ஒய்.சி. வி.ஜி.ஏ. கேபிளில் 12, 15 ஆகிய இரண்டு பின்கள் வழியாகத்தான் அது லேப்டாப்புக்கு வருகிறது. மலிவுக் கேபிள்களில் அந்தக் கம்பியையே விட்டுவிடுகிறார்கள். கே.ஒய்.சி. வராத வாடிக்கையாளருக்கு நான் என்ன செய்வேன்? குறைந்தபட்ச வசதியோடு நிறுத்துவேன். லினக்ஸும் அதைத்தான் செய்தது, விண்டோஸும் அதைத்தான் செய்தது. ஒன்றுக்கு மட்டும் ஏச்சு.

லினக்ஸுக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2004, 2005 வாக்கில் அகலத்திரை லேப்டாப்புகள் வந்தபோது, இன்டெல் 855, 915 வகைச் சில்லுகள் உள்ள பல மெஷின்களின் வீடியோ பயாஸில் 1280க்கு 800 என்ற அளவே எழுதப்படவில்லை. லினக்ஸ் டிரைவரோ பயாஸ் சொன்னதைத்தான் நம்பும். '915ரெசல்யூஷன்' என்று ஒரு குட்டி நிரல் வந்தது. பயாஸின் பட்டியலில் ஒரு அளவை அடித்துவிட்டு நமக்கு வேண்டியதை நினைவகத்தில் எழுதும். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் எழுத வேண்டும்! 2007ல் இன்டெல் டிரைவரே திரையிடம் நேராகப் பேசத் தொடங்கியது. 2009ல் அந்த வேலை கெர்னலுக்குள்ளேயே போய்விட்டது. அன்று பட்ட அவஸ்தையை வைத்து இன்றைக்கும் தீர்ப்பு சொல்வது, 1990ல் லெட்ஜரில் கூட்டல் தப்பிய கிளார்க்கை நினைத்து இன்றைய வங்கியைத் திட்டுவது மாதிரி.

இந்த ஊரைக் கேலி செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 2001ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது இதே திருவனந்தபுரத்தில். பள்ளிக்கூடங்களுக்கான ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம்தான் 2017ல் கைட் என்ற நிறுவனமானது. உபுண்டுவை வைத்து அவர்கள் செய்து தரும் சிஸ்டத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம், நம்ம பிள்ளைகள் உட்பட. நம்ம ஊரிலும் 2011ல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் கொடுத்தார்கள். என் சொந்தக்காரப் பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. கேட்டால் "அது எதுக்கு மாமா?"

லினக்ஸ் மேதாவிகளே, நீங்களும் தப்பவில்லை. 'டெர்மினல்ல மூணு வரி அடிங்க, முடிஞ்சது' என்கிறீர்கள். நானும் அடித்தேன். சி.வி.டி. என்று அடித்து 1366 768 என்றால் அது 1368 என்று பதில் தருகிறது. எட்டால் வகுபடும் எண்தான் அதற்குப் பிடிக்குமாம். இதை ஒருத்தராவது முன்னாடி சொல்லியிருக்கலாமே? தப்பாக அடித்துவிட்டேன் என்று ஒரு மணி நேரம் வீண். பிறகு எக்ஸ்ரேண்டரில் நியூமோட், ஆட்மோட். அதுவும் வேலாண்டில் செல்லாது. லாகின் பண்ணும்போதே எக்ஸார்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவழியாகத் திரை ஒல்லியானது. மறுநாள் ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி பூசணிக்காய்! அந்த வரிகளை எக்ஸ்ப்ரொஃபைல் கோப்பில் போட வேண்டுமாம். அதையும் அப்புறம்தான் சொல்வீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் மாப்ள லேப்டாப் நாடகம். உடனே சாலைக் கடைத்தெரு பக்கம் போய் எல்லாப் பின்னும் உள்ள கேபிள் ஒன்று கேட்டு வாங்கினேன். மாட்டினதும் 1366க்கு 768 தானாக வந்து உட்கார்ந்தது. எழுதி வைத்த வரிகளையெல்லாம் அழித்துவிட்டேன். ஆகவே மக்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஆனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் டெர்மினல், அதற்கப்புறம் வேண்டுமானால் பெங்குயினைத் திட்டுங்கள்.

பி.கு.: கண் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யவில்லை. பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றுவிட்டார். கூடப் போனவனையும் உட்கார வைத்துப் பார்த்தார். எனக்குத்தான் ப்ளஸ் ஒன்றரை.