தோல் வெட்ட எந்த இயந்திரம்?

வீட்டிலேயே தோல் பர்ஸ், சாவிக்கொத்து செய்யத் தொடங்குபவர்கள் விளம்பரத்தை நம்பி வெட்டும் இயந்திரம் வாங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது தோலின் தடிமன்.

கிரிகட் நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோர் வகை வெட்டும் இயந்திரம் சுமார் 400 கிராம் அழுத்தமே தரும். அதே நிறுவனத்திடமிருந்து 2017இல் வந்த மேக்கர் 4 கிலோ வரை அழுத்தும், அதுவும் 2.4 மி.மீ. தடிமனைத் தாண்டாது. 3 மி.மீ. பெல்ட் தோலுக்கு அது உதவாது.

லேசர் வேகமானது, நுணுக்கமானது. ஆனால் விளிம்பு கருகும், தீய்ந்த வாடை லேசில் போகாது. பிவிசி ரெக்சினை மட்டும் அதில் வைக்கவே கூடாது: கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வெட்டுவோருக்கு எஃகு அச்சும் கையால் இயக்கும் சிறு பிரஸ்ஸுமே சிறந்தவை. ஆம்பூர் ஷூ ஆலைகளிலும் அச்சு வைத்து அழுத்தி வெட்டும் முறைதான்.

முதலில் தோலை வாங்கித் தடிமனை அளந்து பாருங்கள். இயந்திரத்துக்குப் பிறகு பணம் கொடுக்கலாம்.